பத்தாம் எட்டு

ஜெனீவா விமான நிலையத்தில் என் வேலை பெட்டிகளோடு.
தொலைந்தவை, உடைந்தவை, பெயர்ச்சீட்டு கிழிந்தவை.
ஆண்டுக்கு இரண்டு முறை விடுப்பெடுத்துக்
குழந்தைகளை அழைத்து வருகிறேன்.
சம்பளம் இல்லை. சன்னலோர இருக்கையும் இல்லை.

கொட்டோனூ. இரவு பத்தேமுக்கால்.
வியர்வையில் ஊறிய காகிதம் சொன்னது:
செனாமி, வயது நான்கு, எடை பதினொரு கிலோ,
இதயத்தில் நான்கு பிழைகள்.
நாவற்பழம் தின்றுவிட்டு வாய் கழுவாதவள் போல
உதடு. நகங்களிலும் அதே சாயம்.

அம்மா அஃபியாவி
பெருவிரலை மையில் தோய்த்து
மூன்று இடங்களில் ஒற்றினாள்.
நான்காவது, யாரும் கேட்காத வெற்றிடம்.
அங்கும் ஒற்றினாள், இருக்கட்டும் என்று.

பிறகு என்னிடம் நெடுநேரம் பேசினாள்.
அவள் மொழியின் பெயர் ஃபோன்.
அழைத்துக் கேட்க அதில் எனக்கு ஒருவரும் இல்லை.
மொழிபெயர்க்க வந்தவர் கழிப்பறைக்குப் போயிருந்தார்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டேன் என்று
இன்றுவரை தெரியாது.

விமானப் படிக்கட்டு வரை நடை.
பத்து எட்டு வைத்தாள், குந்தினாள்.
முழங்கால் மார்பில், தாடை முழங்காலில்,
தரையில் விழுந்த எதையோ தேடுபவள் போல.
மூச்சு வந்ததும் எழுந்தாள். மறுபடி பத்து.

மடங்கிய கால்கள்
ரத்தத்தை நுரையீரல் பக்கம் திருப்பிவிடுமாம்,
மருத்துவர் பின்னால் விளக்கினார்.
அவளுக்கு யாரும் விளக்கவில்லை.
நடக்கப் பழகிய வயதிலேயே
தனக்குத் தானே பார்த்துக்கொண்ட வைத்தியம்.

நடுவானில், உணவு வண்டியை மறித்துக் குந்தினாள்.
கோழியா பாஸ்தாவா என்று கேட்டுக்கொண்டு வந்த பணிப்பெண்
கேள்வியை நிறுத்தாமலே தானும் குந்தினாள்.

இதையும் சொல்ல வேண்டும்.
அந்த வாரம் பொஹிகோனில்
பதினேழு பிள்ளைகளின் நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
பட்டியலில் நால்வர்.
மற்றவர்கள் வந்த மோட்டார்சைக்கிளிலேயே திரும்பினார்கள்,
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நசுங்கியபடி.
நன்கொடைச் சுவரொட்டியில் சிரிப்பது
எப்போதும் அந்த நால்வரில் ஒருவர்தான்.

இன்னொரு முறை, வேறொரு வீட்டுக்கு,
நான் கொண்டுபோனது ஒரு சின்னப் பெட்டி மட்டும்.
மூன்று கிலோ இருநூறு.
இருபது ஆண்டுகளாகப் பெட்டி தூக்குகிறவள் நான்,
அதை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியவில்லை.

செனாமியின் நெஞ்சு ஏழு மணி நேரம் திறந்திருந்தது.
விழித்தபோது நகங்கள் இளஞ்சிவப்பு.
போர்வையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.
தன்னுடையதை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று
செவிலியின் சட்டையைப் பிடித்து அழுதாள்.
பிறகு மலையடிவார விடுதியில் ஒன்பது வாரம்.
பனியை உப்பென்று நக்கி ஏமாந்தாள்.
பிரெஞ்சில் முதலில் கற்றது 'வேண்டாம்',
அடுத்தது 'என்னுது'.

திரும்பிய இரவு
கண்ணாடிக் கதவு விலகியதும்
தூரத்தில் அதே மஞ்சள் துணியில் அஃபியாவி.
ஓடு என்று நான் சொல்லவில்லை.
ஓடினாள்.
பத்தாம் எட்டில் குந்தினாள்.

பழக்கம்.

வழக்கம் போலவே
தாயும் வந்து எதிரே குந்தினாள்.
முதுகில் உள்ளங்கை வைத்தாள்,
மூச்சு திரும்பட்டும் என்று.
தள்ளுவண்டிகள் அவர்களைச் சுற்றி வளைந்து போயின.
இருவரும் காத்திருந்தார்கள்.
மூச்சு எங்கும் போயிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் செனாமி நிமிர்ந்து
அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை,
அடுத்து என்ன செய்வது என்பது போல.
அஃபியாவியும் என்னைத்தான் பார்த்தாள்,
ஏதோ கேட்டாள்.

தலையாட்டினேன்.
அவர்கள் மொழியில்
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.